பன்னிரண்டாம் நாள் புகை

கொசுவுக்கு வைத்த மூன்றாவது விளக்கு மறுபடியும் அணைந்துவிட்டது. இளமாறன் குந்தி உட்கார்ந்து தீக்குச்சியைக் கிழித்தான், முனை உதிர்ந்தது, இன்னொன்றைக் கிழித்தான், பிடித்தது, திரிக்குக் கொண்டுபோவதற்குள் தென்னந்தோப்புக்குள்ளிருந்து ஒரு காற்று வந்து அதையும் நக்கிக்கொண்டு போனது. குடிசைக்குள் அக்கா மகள் கனிஷ்கா இருமினாள். வறட்டு இருமல், ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு ஓலையில் முதுகு சாயும் சத்தம். "மாமா, மணி என்ன?" "அஞ்சே முக்கால்." "இன்னும் அஞ்சே முக்கால்தானா?" காலையிலிருந்து இப்படித்தான், ஒரு கேள்வி கேட்கிறாள், பதிலை வாங்கிக்கொண்டு அமுங்கிவிடுகிறாள். மத்தியானம் அக்கா தெர்மாமீட்டரைக் குடிசை வாயில் வைத்து அவளையே பார்க்கச் சொன்னபோது நூற்றிரண்டு. நேற்றும் நூற்றிரண்டு. திங்கட்கிழமை ராத்திரி ஆரம்பித்தது, இன்று புதன், அப்படியானால் மூன்றாம் நாள், இல்லை, அந்த ராத்திரியைச் சேர்க்காவிட்டால் இரண்டுதான், ஏன் சேர்க்கக்கூடாது, காய்ச்சல் என்ன பகலா ராத்திரியா என்று பார்த்தா வருகிறது. இந்த வீட்டில் இரண்டு எண்ணிக்கை ஓடுகிறது. ஒன்று, அவள் பெரியவளாகி ஓலைக்குடிசையில் உட்கார்ந்த நாளிலிருந்து எண்ணுவது. அது ஊருக்கே தெரியும். இன்று பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை பதினாறு, அன்றைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைப்பார்கள், பத்திரிகை கொடுத்தாயிற்று, பந்தலுக்குச் சொல்லியாயிற்று. இன்னொன்று, காய்ச்சலை எண்ணுவது. அதை அவன் ஒருவன்தான் எண்ணுகிறான் போலிருக்கிறது. கீழத்தெருவில் ஐந்தாவது படித்த பையனைக் காய்ச்சலின் ஐந்தாம் நாள்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறாம் நாள் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். இதை நினைக்கக் கூடாது. திரியை நிமிண்டிவிட்டுக் கையை மறைவு வைத்துக் குச்சியை நீட்டினான், பிடித்துக்கொண்டது. எட்டு விளக்கு, எட்டும் எரிகிறது. ஒரு கொசு அவன் காதை ஒட்டி ஙொய்யென்று பாடிக்கொண்டே குடிசைப் பக்கம் போனது, விளக்குக்கும் விளக்குக்கும் நடுவில், வாசல் வைத்துக் கொடுத்தமாதிரி.

குடிசையைக் கட்டியவன் அவன்தான். தாய்மாமன்தான் கட்ட வேண்டும், அதுதான் முறை, அக்கா வளர்மதிக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருவன், அதனால் பதினெட்டு வயதிலேயே அவன் தாய்மாமன். பன்னிரண்டாம் வகுப்பில் பாதியில் நின்றதிலிருந்து அவனை யாராவது கூப்பிடுகிறார்கள் என்றால் சிலிண்டர் தூக்க, மோட்டார் போட, தேங்காய் லோடு ஏற்ற. அந்தச் சனிக்கிழமை மட்டும் அத்தானின் அக்கா குஞ்சம்மா அத்தாச்சியே வாசலில் நின்றுகொண்டு, "மாமங்காரன் வரட்டும், அவன் கை பட்டாத்தான் மத்தவங்க கை" என்றாள். ஊர்ச் சனம் முழுக்கத் தள்ளி நின்றது. உண்மையைச் சொன்னால் அது நன்றாக இருந்தது. மரத்தில் ஏறிப் பச்சை மட்டையாகப் பார்த்து வெட்டினான், நாலு கம்பு நட்டான், வீட்டுக்குப் பின்பக்கம் தோப்பு தொடங்கும் இடத்தில் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒன்று, கிழக்கே பார்த்து ஒரு வாய். ஓலையில் அன்றைக்கு ஈரவாசனை வந்தது. கனிஷ்கா உள்ளே போய் உட்கார்ந்து, "ஏசி ரூம் மாதிரி இருக்கு மாமா, சார்ஜர் பாயின்ட் எங்க?" என்றாள். நாலாம் நாள் ஓலை நுனி மஞ்சளித்தது. எட்டாம் நாள் சுருண்டது. இப்போது கைவைத்தால் அப்பளம். இதை அவன் யோசித்திருக்க வேண்டும், பச்சை ஓலை பச்சையாகவே இருக்காது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். முதல் நாள் விளக்குகளை ஆறடி தள்ளி வைத்தான். புகை அங்கேயே கலைந்தது. நாலடிக்குக் கொண்டுவந்தான். நேற்றிலிருந்து இரண்டரை அடி. கொசுவுக்காக ஒவ்வொரு நாளும் நெருப்பை அவளுக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டே வருகிறான், ஓலை ஒவ்வொரு நாளும் காய்ந்துகொண்டே வருகிறது, இரண்டும் எங்கே சந்திக்கும் என்று கணக்குப்போட அவனால் முடியும், கணக்கில் அவன் மோசமில்லை. பற்றிக்கொண்டால் என்ன செய்வது என்று மனசுக்குள் நூறு தடவை செய்து பார்த்துவிட்டான். வாய்ப்பக்கம் போகக்கூடாது, பின்பக்கத்துக் கீற்றை ஓர் உதை, கைக்கு எட்டியதைப் பிடித்து இழுத்து, கை கிடைத்தால் கை, முடி கிடைத்தால் முடி. தண்ணீர் வாளி இரண்டு, மணல் ஒரு சட்டி. அப்புறம் யாராவது அவளைத் தொட்டுவிட்டான் என்று சொல்வார்களா. சொல்வார்கள். அத்தாச்சி சொல்வாள். சொல்லட்டுமே.

எண்ணெய்கூட அவனுடைய யோசனைதான், வேறு யார்மேலும் போட முடியாது. வெறும் வேப்பெண்ணெய் விளக்குக்கு ஆகாது, அது எரியாது, முனகும். அதனால் ஒரு பங்கு வேப்பெண்ணெய்க்கு இரண்டு பங்கு தேங்காய் எண்ணெய், பொடித்த கற்பூரம், எலுமிச்சம்புல் தைலம் பத்துச் சொட்டு, பழைய வேட்டியைக் கிழித்து விரல் தண்டி திரி. செல்போனில் ஒருத்தன் செய்து காட்டினான், சட்டையில் சுருக்கமே இல்லாமல், பின்னால் ஒரு தோட்டம், அந்தத் தோட்டத்தில் ஒரு கொசுகூட இருந்திருக்காது. அதோடு ஒரு சட்டியில் தணல் போட்டு நொச்சித்தழை. "நல்ல காரியத்துக்கு உக்காந்திருக்கிற பிள்ளைய எதுக்குடா ஊதுபத்தி மாதிரி புகைக்கிற" என்றாள் அத்தாச்சி. இரண்டாம் நாளே அக்கா கேட்டாள், "கம்பில கொசுவலை கட்டிவிட்டுருவமாடா மாறா?" அவன் சொன்னான், "எதுக்குக்கா, நான் இருக்கேன்ல." நான் இருக்கேன்ல. யார் கேட்டது. வலை என்றால் அது பாட்டுக்குத் தொங்கும், யாரும் பார்த்து எதுவும் சொல்ல மாட்டார்கள். விளக்கு என்றால் பார்க்கிறார்கள். மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்த பெண்டுகள் எல்லோரும் பார்த்தார்கள், "மாமன் எப்படிக் காவல் காக்குறான் பாருங்கடி" என்றார்கள், அவன் காது கேளாதவன் மாதிரி திரியைத் தூண்டிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு சொல்லும் கேட்டது. விடியவிடிய விழித்திருந்து விளக்கு பார்த்தான், வெயில் ஏறியதும் போய்ப் படுத்துச் சாயங்காலம் வரை தூங்கினான். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ கனிஷ்கா புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "கொசு சாகுதோ இல்லையோ மாமா, நான் செத்துருவேன்" என்றாள். சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன்தான் அதிகமாகச் சிரித்தான். சாதாரணமாகச் சொல்வதுதான், வெயிலில் நடந்தால் சொல்வோம், பரீட்சை வந்தால் சொல்வோம், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற சொல், அதற்கு எடை கிடையாது. கிடையாது. விளக்குகளைச் சுற்றி ஒரு நடை போனான். ஐந்தாவதில் எண்ணெய் குறைந்திருந்தது, ஊற்றினான், விளிம்பு தாண்டி வழிந்தது, மணல் அள்ளிப் போட்டான்.

திங்கட்கிழமை காலையில் ரெஜினா அக்கா வந்தாள். பஞ்சாயத்திலிருந்து வீடுவீடாக டிரம்முக்குள் டார்ச் அடித்துக் கொசுப்புழு பார்க்கிறவள், மூக்கையும் மூடி முக்காடு போட்டிருப்பாள், யார் வீட்டிலும் உட்கார மாட்டாள். தோப்புக்குள் நடந்து, எலி குடைந்து விழுந்துகிடந்த தேங்காய் ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் கவிழ்த்தாள். கொஞ்சம் மழைத்தண்ணீர், அதில் நூல்நூலாக ஏழெட்டு, துள்ளிக்கொண்டு. "எண்ணிப் பாரு தம்பி, ஒரு காய்க்குள்ள இவ்வளவு. இந்தத் தோப்புல எத்தனை காய் கெடக்கு?" அப்புறம் விளக்குகளைப் பார்த்தாள். "இது என்ன, கார்த்திகையா?" அவன் விளக்கினான், வேப்பெண்ணெய், கற்பூரம், பத்துச் சொட்டு, எல்லாம் விளக்கினான், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுகூட. "எப்ப ஏத்துவ?" "இருட்டினதும்." "இது பகல்ல கடிக்கிற கொசு தம்பி. காலையில வெயில் வர்றப்ப, சாயங்காலம் பொழுது சாயறதுக்கு முந்தி. அது சாப்பிட்டுக் கை கழுவிட்டுப் போனப்புறம் நீ எலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள், கெட்ட சிரிப்பில்லை, அலுத்துப்போன சிரிப்பு. குடிசையைக் காட்டி, "காய்ச்சல்னு ஒண்ணு வந்தா வெச்சுப் பாக்காதீங்க, ஒரு நாளும் வெச்சுப் பாக்காதீங்க" என்றாள். அவன் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவன் கெட்டிக்காரன், பள்ளிக்கூடத்தில் முழு வருஷமும் அதைத்தானே செய்தான். அன்றைக்கே நாலு மணிக்கு விளக்கேற்றினான். அன்று ராத்திரியே காய்ச்சல். ஒன்பது நாள் பகலில் அவன் பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் அந்த ஓலைக்குள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. பத்தாவதில் அந்தக் கொசுவை அவன் வரைந்திருக்கிறான். காலில் வெள்ளைப் பட்டை போட்ட கொசு, அவனுக்குப் படம் நன்றாக வரும் என்பதால் மூன்று பேருக்கு அவன்தான் ரெக்கார்டு நோட்டில் வரைந்து கொடுத்தான். ஆறு கால், ஆறிலும் பட்டை, பென்சில் சீவிச்சீவி. புத்தகத்தில் படத்துக்குக் கீழே நாலு வரி எழுதியிருந்தது. அதை அவர்களே எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். தன் நோட்டிலும் எழுதவில்லை. அந்த நாலு வரியில் எந்த நேரத்தில் கடிக்கும் என்று இருந்திருக்குமா, இருந்திருக்காதா. இருந்திருக்கும். அதில் வேறு என்னத்தை எழுதுவார்கள்.

அக்கா கஷாயத்தோடு வந்தாள். கொல்லைக் கதவைத் தாண்டி வரும்போதே அவள் நடை காய்ச்சல் கூடவா குறையவா என்று கேட்டுக்கொண்டு வந்தது. டம்ளரைக் குடிசை வாயில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள், எடுத்துக் கையில் கொடுக்கக்கூடாது, வைத்தால் அவளே எடுத்துக்கொள்ள வேண்டும். "குடிச்சிரு கண்ணு, ஒரே மடக்கு." டம்ளர் உள்ளே போனது. "அக்கா, ஆட்டோவுக்குச் சொல்லட்டுமா?" என்றான் அவன். இது இன்றைக்கு நாலாவது தடவை. "மெதுவாப் பேசுடா." "மெதுவாத்தான் கேக்கறேன். சொல்லட்டுமா?" "எந்த வழியா போவ? கோயிலைத் தாண்டித்தானே போகணும், திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கு, இவ இந்த நெலமையில தாண்டினான்னா நாளைக்கு ஊருல ஒரு ஆடு செத்தாக்கூட எம்பொண்ணு பேரைத்தான் சொல்லுவாளுவ." கதவுக்குப் பின்னாலிருந்து அத்தாச்சியின் குரல் வந்தது, அவள் உள்ளே பூ கட்டிக்கொண்டே இங்கே நடப்பதையும் கட்டிக்கொண்டிருப்பாள். "பச்சைத்தண்ணி ஊத்திருக்கு, ஓலைக்குளிரு வேற, அதான் சூடு. எங்களுக்கெல்லாம் வராததா? எம் தம்பி அங்க ராவும் பகலும் கப்பல்ல பத்தவெச்சுச் சம்பாரிச்சு, ஒத்தப் பொண்ணுக்குச் செய்யறதுக்கு லீவு வாங்கிட்டு வர்றான். நாலு நாளு. நாலே நாளு." அத்தான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர், மூன்று வருஷமாக ஊருக்கு வரவில்லை, அவர் வருவதற்காகத்தான் ஒன்பதாம் நாள் முடிய வேண்டியதைப் பதினாறுக்குத் தள்ளியது. ஒன்பதில் முடித்திருந்தால். ஒன்பதாம் நாள் ஞாயிறு, காய்ச்சல் திங்கள், ஒன்பதில் முடித்திருந்தாலும் கடித்தது கடித்ததுதான், ஆனால் வீட்டுக்குள் கட்டிலில் படுத்திருப்பாள், பைக்கில் உட்காரவைத்துக்கொண்டு போயிருக்கலாம். அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவளுக்கும் பயம். அது தெரிந்ததும் அவனுக்குக் கோபம் வந்தது, பயமில்லாதவள் என்றால் மன்னிக்கலாம். "நீ பயப்படுறல்ல?" "பயப்படாம? நான் பெத்தவ." "அப்ப என்னக்கா?" "நீ விளக்கைப் பாரு" என்றாள் அக்கா, "அதையாவது ஒழுங்காச் செய்." போய்விட்டாள். அதையாவது. அந்தச் சொல் அவனுக்கு முன்னால் மணலில் கிடந்தது.

வெளிச்சம் தோப்பின் அடியிலிருந்து வற்றிக்கொண்டு வந்தது. இதுதான் அந்த நேரம். அவன் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான், கணுக்காலில் ஒன்று வந்து உட்கார்ந்தது, அடிக்கவில்லை, குனிந்து பட்டை இருக்கிறதா என்று பார்த்தான், இருந்தது, எவ்வளவு சுத்தமாக இருந்தது, அவன் வரைந்ததைவிடச் சுத்தமாக. வேப்பெண்ணெய் வாடை மூக்கில் ஏறி நாக்கில் கசந்தது, எட்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன, கொசு குடித்துவிட்டு நிதானமாக எழுந்து போனது. என்னைக் கடி, நூறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து கடி. அப்படிச் சொன்னால் கேட்கிற சாதியா அது. "மாமா." "ம்." "கிட்ட வா." ஓலை வாயருகே போய் உட்கார்ந்தான். உள்ளே இருட்டு, மஞ்சள் வாசனை, காய்ச்சல் வாசனை, பழுத்த எதையோ துணியில் சுற்றி வைத்த மாதிரி. "அம்மாகிட்ட சொல்லக்கூடாது." "சொல்லு." "சத்தியம் பண்ணு." "சொல்லுடி முதல்ல." "காலையில பல்லு வெளக்குனப்ப ரத்தம் வந்துச்சு. இப்ப வாய் கொப்புளிச்சேன், இப்பவும் வருது." அவன் இன்னும் கிட்டே நகர்ந்தான். "பல்லு விழுந்துருமா? ஃபோட்டோ எடுப்பாங்கள்ல, ஞாயித்துக்கிழமை." ஃபோட்டோ. அவளுக்கு அதுதான். "கையைக் காட்டு." "தொடக்கூடாது மாமா, அத்தை திட்டும்." "தொடல, காட்டு." விளக்கு ஒன்றைத் தூக்கிக் கிட்டே கொண்டுவந்தான், ஓலைக்கு ஒரு சாண்கூட இல்லை, எண்ணெய் தளும்பியது, அதெல்லாம் அப்போது உறைக்கவில்லை. முழங்கைக்குக் கீழே உள்பக்கம் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளி, வரகரிசியைக் கொட்டினமாதிரி. கொசு கடித்ததாக இருக்கும். கொசு கடித்தால் தடிக்கும், இது தடிக்கவில்லை, தோலுக்கு அடியில் இருந்தது. கீழத்தெருப் பையனுக்கு இப்படி இருந்ததா. யாரிடம் கேட்பது. அவன் அம்மாவிடம் போய்க் கேட்க முடியுமா, உங்கள் பையனுக்குப் பல்லில் ரத்தம் வந்து எத்தனை நாள் கழித்து என்று. "மாமா, விளக்கை எடு, சுடுது." எடுத்தான்.

வீட்டுக்குள் செல்போன் அடித்தது. அத்தான் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் தினமும் இந்த நேரத்துக்கு வீடியோவில் கூப்பிடுவார், முதல் வாரத்தில் அவன் ஃபோனை வாங்கிக்கொண்டு விளக்குகளைச் சுற்றிக் காட்டுவான், "மாப்ள, அசத்திட்டடா, நானே இருந்தாலும் இப்படிப் பாத்திருக்க மாட்டேன்" என்பார் அவர், அவனிடம் நேராக அப்படிச் சொன்ன ஒரே ஆள். அக்கா ஃபோனை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடிவந்தாள். "உன்னைத்தான் கேக்குறாரு, குடிசையைப் பாக்கணுமாம். நேத்து சிக்னல் இல்லைன்னு சொல்லிட்டேன், இன்னிக்கும் சொன்னா நம்ப மாட்டாரு." அவள் உதடு காய்ந்திருந்தது. "வெளிய மட்டும் காட்டு. விளக்கைக் காட்டு. பாப்பா எங்கன்னு கேட்டா தூங்குறான்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத மாறா, பிளேன் ஏறப்போற மனுசன், உனக்குப் புண்ணியமாப் போகும். தூங்குறான்னு மட்டும் சொல்லு." "வாயில ரத்தம் வருதுக்கா." "என்னது?" "பல்லுலேர்ந்து. காலையிலேர்ந்து." அக்கா குடிசையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பூ கட்டுகிற கை நின்றிருந்தது. ஃபோனை அவன் கையில் திணித்தாள். "தூங்குறான்னு சொல்லுடா" என்றாள் மறுபடியும், இந்தத் தடவை குரலே வரவில்லை, உதடு மட்டும். திரையில் அத்தான், இரும்புக் கட்டிலில் பனியனோடு, முகமெல்லாம் சிரிப்பு. "என்ன மாப்ள, நேத்து ஆளையே காணும்! கல்யாண வீட்டுக்காரர் ரொம்ப பிசியோ? எங்கடா என் மவ?" விளக்கைக் காட்டலாம், எட்டும் எரிகிறது, இருட்டில் நன்றாகத்தான் இருக்கும், அவர் அசத்திட்டடா என்பார், ஃபோனை வைத்துவிடுவார், சனிக்கிழமை வந்து இறங்குவார், சனிக்கிழமை எத்தனையாவது நாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஆறு. "மாப்ள? கேக்குதா? பாப்பா எங்க?" அவன் குனிந்தான். ஒரு கையால் வாயோலையைப் பிடித்து ஒதுக்கினான், காய்ந்த ஓலை கையோடு முறிந்து வந்தது, பின்னால் அத்தாச்சி "டேய், டேய்" என்று ஓடிவருவது கேட்டது, ஃபோனின் டார்ச்சைப் போட்டு உள்ளே நீட்டினான். கனிஷ்கா வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். "பாப்பா, வாயைத் திறந்து அப்பாகிட்ட காட்டு" என்றான். தூங்குகிறாள் என்று அவன் சொல்லவில்லை.